நல்ல தண்ணி

எண்ணூர் ஆற்றில் மீன் கிடைக்காமல் போன பிறகு, தேசப்பனும் அவன் மனைவி அங்கம்மாவும் வீட்டுக்குப் பின்னால் கத்தரி நட்டார்கள். வேளாண்மை அலுவலர் கொடுத்த ஒரு பாட்டில் உயிர் உரத்தைத்தான் மலைபோல் நம்பியிருந்தார்கள்.

செடிகள் இலை மஞ்சளித்து, வளராமல் நின்றுவிட்டன. பார்க்க வந்த அலுவலர் மண்ணைக் கிளறினார்.

“அந்தப் பாட்டில்ல இருந்தது உயிருள்ள பாக்டீரியா. அதுதான் காத்துல இருக்கிற சத்தை வேருக்குப் பிடிச்சுக் கொடுக்கும். எந்தத் தண்ணியில கலந்தீங்க?”

“கெணத்துல எண்ணெ மெதக்குது சார். அத்த ஊத்த மனசு வர்ல. லாரித் தண்ணிலதான் கலந்தேன்,” என்றான் தேசப்பன்.

“தெனம் அத்தத்தான் ஊத்துனோம். நாங்க வாய நனச்சிகினு, மீதியெல்லாம் செடிக்குத்தான்,” என்றாள் அங்கம்மா.

அலுவலர் தயங்கினார்.

“லாரித் தண்ணியில கிருமியைக் கொல்ல குளோரின் போடுவாங்கம்மா. நாம விட்ட பாக்டீரியாவும் அதுல செத்துப்போச்சு. குளோரின் போறதுக்குத் தண்ணியை ஒரு நாள் திறந்து வெச்சிட்டுக் கலந்திருக்கணும். நான் சொல்லாம விட்டுட்டேன்.”

தேசப்பன் வாடிய செடிகளையே பார்த்துக்கொண்டு நின்றான். தெருவில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது.

அங்கம்மா குடத்தை எடுத்தாள்.

“வாய்யா. இனிமே வயிறு முட்ட நாமளே குடிச்சிக்கலாம்.”