மண்ணின் மகள்

நண்பன் வீட்டு வாசற்படியில் கால் வைத்ததுமே ஜானகிராமன் கையிலிருந்த லட்டு டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். உள்ளே உட்கார்ந்திருந்த எழிலரசன் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏன்டா மறைக்கிற? எம்பொண்ணுக்கு இல்ல, உம்பொண்ணுக்குக் கெடச்சிருச்சு. நல்லாக் காட்டிட்டே போயேன்."

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில், ஒரே ஷிப்டில் சேர்ந்தே தேய்ந்தவர்கள் இருவரும். எழிலரசனின் மகள் கவிநிலாவும் ஜானகிராமனின் மகள் துர்காவும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே நீட் கோச்சிங்.

இன்று காலை எம்.பி.பி.எஸ். ஒதுக்கீட்டுப் பட்டியல் வந்தது. ரேங்க்கில் முன்னால் நின்ற கவிநிலாவின் பெயர் நீக்கப்பட்டு, அவளுக்கு அடுத்து நின்ற துர்காவுக்குக் கடைசி அரசு சீட் போய்விட்டது.

கவிநிலா உள்ளறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூட இறங்கவில்லை. அம்மா தாமரைச்செல்வி தலைமாட்டில் உட்கார்ந்து மகளின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

சீட் போனதைவிட, போன காரணம்தான் எழிலரசனைக் கொன்றது. தமிழ்நாட்டிலும் சொந்த ஊர், புதுச்சேரியிலும் சொந்த ஊர் என்று இரண்டு பக்கமும் விண்ணப்பம் போட்டவர்களை இந்த வருடம் நீக்கிவிட்டார்கள். அப்படி நீக்கச் சொல்லி மறியல் செய்த பெற்றோர்களில் முன்வரிசையில் நின்றவரே இவர்தான்.

'மண்ணின் மக்களுக்கே மருத்துவ சீட்' என்று நெல்லித்தோப்பு சிக்னலில் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, பிறகு சைகையில் சோறு கேட்டார் மனிதர். போக வேண்டாம் என்று தாமரைச்செல்வி அழாத குறையாகத் தடுத்தாள். போலீஸைக் கண்டால் நடுங்குகிற விழுப்புரத்துக்காரி என்று கேலி செய்துவிட்டுப் போனார்.

மறியல் பலித்தது. இரண்டு மாநிலப் பட்டியலையும் வைத்து ஒத்துப் பார்த்தார்கள். அதில் வெளியூர்ப் பிள்ளைகளின் பெயர்களோடு கவிநிலாவின் பெயரும் மாட்டிக்கொண்டது.

"இங்க பொறந்து இங்க வளந்த புள்ளடா அவ. அவ பேரு தமிழ்நாட்டு லிஸ்ட்ல எப்புடி வரும்? எவனோ வேணும்னே போட்டிருக்கான்."

"எனக்கும் அதான்டா புரியல" என்றார் ஜானகிராமன்.

"உனக்கா புரியல? ரெண்டு பொண்ணுங்க சர்ட்டிபிகேட்டயும் ஸ்கேன் எடுக்குறேன்னு வாங்கிட்டுப் போனது யாரு? நீதான? அங்க எம்பொண்ணு பேர சொருவிட்டா இங்க தானா அடிபட்டுடும், அடுத்தது உம்பொண்ணு. பக்கத்துலயே இருந்து கழுத்தறுத்துட்டியேடா!"

ஜானகிராமனின் முகம் வெளுத்துவிட்டது. "துர்கா மேல சத்தியமா சொல்றேன். எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அதான் அவ டாக்டராயிட்டாளே. இனிமே நீ எத்தினி சத்தியம் பண்ணா என்ன?"

சொன்ன பிறகு எழிலரசனுக்கே வாய் கசந்தது. மழையானாலும் வெயிலானாலும் இரண்டு பெண்களையும் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக் கோச்சிங்குக்குக் கொண்டுபோய் விட்டவன் இந்த ஜானகிராமன். அப்படிப்பட்டவனா இப்படிச் செய்தான்? முன்பின் தெரியாதவன் செய்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

ஜானகிராமன் லட்டு டப்பாவைத் தரையில் வைத்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"சீட்டு என்னடா பெரிய சீட்டு. துர்காவுக்கு வேணாம்னு இப்பவே எழுதிக் குடுத்துடுறேன். அப்பவாச்சும் என்னிய நம்புவியா?"

"குடேன். நானும் பாக்குறேன்."

வீம்புக்குச் சொன்னதுதான். ஆனால் ஜானகிராமன் உண்மையிலேயே மகளின் நம்பரைப் போட்டுவிட்டார். மணி ஒரே ஒருமுறைதான் அடித்தது, அதற்குள் அந்தப் பெண் எடுத்துவிட்டாள். அந்த வீட்டில் காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு எல்லோருக்கும் சேதி சொல்லிக்கொண்டிருப்பாள் போல.

"துர்கா, அப்பா பேசுறேன்மா. சிரிச்சிட்டே இருக்காத, நான் சொல்றதக் கேளு. அந்த சீட்டு நமக்கு..."

முடிக்கவில்லை. உள்ளறையிலிருந்து ஓடிவந்த தாமரைச்செல்வி அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கி அணைத்தாள்.

"வேணாண்ணே. அந்தப் புள்ள வாழ்க்கையையும் கெடுத்துடாதீங்க."

"நீ ஏன்டி குறுக்க வர்ற?" எழிலரசன் எகிறினார். "துரோகம் பண்ணவன் அனுபவிக்கட்டும். பெத்த மாதிரி பழகிட்டு, எம்புள்ள பேரக் கொண்டு போய் அங்க போட எப்புடி மனசு வந்துச்சு? அதுக்கு பதில் சொல்லச் சொல்லு அவன!"

சத்தம் கேட்டு கவிநிலா எழுந்து வந்து கதவோரம் நின்றாள். அழுது வீங்கிய கண்களால் ஜானகிராமனையே வெறித்துப் பார்த்தாள்.

தாமரைச்செல்வி புருஷனையும் பார்க்கவில்லை, ஜானகிராமனையும் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள்.

"இங்க இல்லன்னா அங்கயாச்சும் ஒனக்குக் கெடைக்கட்டுமேன்னு, எங்கம்மா வீட்டு அட்ரஸ்ல நாந்தாம்மா போட்டேன்."