வற்றாத புள்ளி

எழுதத் துணிந்தமைக்குப் பெரியோர் பொறுத்தருள வேண்டும். வேட்டை முகாமுக்கு நீர் கண்டறிந்து கொடுத்தால் வேலை நிரந்தரம் என்றார்கள். நகரத்து அறையில் அமர்ந்தபடி, செயற்கைக்கோள் படத்தில் விலங்குத் தடங்கள் யாவும் கூடும் புள்ளியொன்றைக் குறித்தேன். அங்குள்ள சுனை கோடையிலும் வற்றாது என்று உறுதியளித்தேன், வற்றவுமில்லை. வேட்டைக் குழுத் தலைவர் கொம்பையா தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, நீ சொன்ன சுனையோரமே கூடாரம் போட்டுட்டோம். மானுங்க சுத்தி நின்னு பாக்குதுங்க. எங்களக் கண்டு குடிக்க வரமாட்டேங்குதுங்க.”

“வசதியாப் போச்சுண்ணே. சுடுங்க.”

“தாகத்தோட நிக்கிறதையா? நாங்க சுடுறதில்ல. வேணும்னா நீ வந்து சுடு.”

முகாமை வேறிடம் மாற்றவும் வழியில்லை; அருகில் வேறு நீரில்லை என்பதையும் நானே உறுதியாகச் சொல்லியிருந்தேன். அவர்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

இழந்தவை: இவ்வாண்டின் வேட்டை, முகாம், எனது வேலை. மான்களில் ஒன்றும் குறையவில்லை.