ஒயின்ஷாப்பில் ஒயின் இல்லை

"ஆறு பாட்டிலு வேணும்பா. ஒயின் பாட்டிலா குடு."

பட்டப்பகல் பதினோரு மணி. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஒயின்ஷாப் கம்பி வலைக்குள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள் பாஞ்சாலை. முன்னால் நின்ற ஆம்பளைகள்தான் கூச்சப்பட்டு ஒதுங்கினார்கள்.

"ஒயின்ஷாப்புல ஒயின் ஏதுக்கா? பிராந்தி, ரம்மு, பீரு. அவ்ளோதான்."

"அப்புறம் எதுக்குய்யா போர்டுல ஒயின்ஸ்னு கொட்டை எழுத்துல எழுதி வெச்சிருக்கே? சரி, ஏதோ ஒரு பாட்டிலு. பச்சைக் கலரா இருக்கணும். எவ்ளோ?"

கடைக்காரன் சொன்னான்.

"அநியாயத்துக்கு ஜாஸ்தி சொல்றியே! பாதி தரேன். மூஞ்சியைத் தூக்காதே, எடு!"

கால் மணி நேரம் கத்தினாள். பாதி விலைக்கே வாங்கினாள். பையின் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு திரும்பினால், எதிரே ஸ்கூட்டரில் கோதண்டராமன். அவளுடைய ஹவுஸ் ஓனர்.

கிரிவலப் பாதையில் வேர்க்கடலை விற்ற பாஞ்சாலை, செங்கம் ரோட்டில் அவர் வீட்டை லீசுக்கு எடுத்து, நாலு ரூமை வெளிநாட்டுக்காரர்களுக்கு விட்டு, இப்போதுதான் நிமிர்ந்திருக்கிறாள். லீசு எழுதின அன்றே அவர் சொல்லிவிட்டார்: "இது அண்ணாமலையார் ஊரு. என் வீட்டுக்குள்ள ஒரு சொட்டு மது நுழைஞ்சா அன்னிக்கே காலி!"

சொல்லத் தகுந்தவர்தான். மதுவிலக்குக் கூட்டம் எங்கே நடந்தாலும் முதல் பேச்சு அவருடையது. கோயில் உண்டு, வீடு உண்டு. மாசத்துக்கு ஒரு தரம் பல் டாக்டரைப் பார்க்கப் பாண்டிச்சேரி போவார். அதோடு சரி.

"பையில என்ன பாஞ்சாலை?"

"பாட்டிலு சார்" என்றவள், பட்டென்று ஆட்டோ ஏறிவிட்டாள்.

அவளுக்கு நிற்க நேரமில்லை. மூணு வருஷமாக மாடியில் இருக்கும் லண்டன்காரி எலனம்மா, நாளைக்கு ஊருக்கே போகிறாள். போவதற்கு முன்னால் அவள் ஊர் வழக்கப்படி சிநேகிதர்களுக்கு நாலு மணி டீ கொடுக்கணுமாம். கூடவே நுரை பொங்கும் ஒயினில் காக்டெயிலாம்.

"நான் பண்றேம்மா!" என்று ஒரே மூச்சில் ஒத்துக்கொண்டிருந்தாள் பாஞ்சாலை. வரப்போகிற பதினாலு பேரும் வாய் நிறையப் புகழ்ந்தால், சீசன் முழுக்க நாலு ரூமும் காலியே ஆகாது.

மத்தியானம் முழுக்க வீடு பறந்தது. கூடமாட ஒத்தாசைக்கு வேலைக்காரப் பெண் சரசு.

"சரசு, வெள்ளரிக்காயை மெலிசா சீவுடி! பிரெட்டு ஓரத்தை வெட்டு! அப்படியே வாழைக்கா பஜ்ஜிக்கு மாவைக் கரைச்சிடு."

"அக்கா, ஓனர் பாத்தா?"

"பாக்கட்டும்! நீ பாட்டில்ல இருக்கற லேபிளைச் சுரண்டு. கழுத்துக்கு சரிகைத் தாள் சுத்தணும்."

நாலரை மணிக்கு மொட்டை மாடி களைகட்டியது. எதிரே மலை. பாய் விரித்துப் பதினாலு பேர். ஜூஸ் கடையில் இரவல் வாங்கின நீட்டு கிளாசுகளில் ரோஸ் நிறத்தில் நுரை பொங்கிற்று. முதல் வாய் குடித்த எலனம்மா ஒரு நொடி நின்றாள். அப்புறம் பாஞ்சாலையின் கையைப் பிடித்துக்கொண்டு, "அற்புதம் பாஞ்சாலி!" என்றாள். உடனே பதினாலு பேரும் கை தட்டினார்கள்.

பாஞ்சாலைக்குத் தரையில் கால் பாவவில்லை.

அப்போதுதான் படியில் திடுதிடுவென்று சத்தம். கோதண்டராமன். பின்னாலேயே மூச்சிரைக்க அவர் மனைவி லலிதாம்பாள்.

"பாத்தியா லலிதா? என் வீட்டு மாடியிலேயே! பாஞ்சாலை, ராத்திரிக்குள்ள காலி பண்ணு!"

"வாடையே வரலையேங்க" என்றாள் லலிதாம்பாள்.

"ஒசத்திச் சரக்குல வாடை வராதுடி. இரு, என் வாயாலேயே நிரூபிக்கிறேன்."

தட்டிலிருந்து ஒரு கிளாசை எடுத்தார். ஒரு மடக்கு குடித்தார். வாய்க்குள்ளே உருட்டினார். கண்ணைப் பாதி மூடினார். அடுத்த நொடி முகம் சிவந்துவிட்டது.

"இது ஒயினா? அடிப் பாவி! ஒயின்னா முதல்ல நாக்கு நுனியில லேசா புளிக்கணும். அப்புறம் தொண்டையில இளஞ்சூடா இறங்கணும். நுரை ஊசி ஊசியாக் குத்தணும். இது பன்னீர் சோடா! திராட்சைச் சாறைக் கலந்து வெள்ளைக்காரங்களை ஏமாத்தறியா?"

"நான் வாங்கினது காலி பாட்டிலு சார். உங்க பேச்சைத் தட்டக்கூடாதுன்னுதான் சோடா ஊத்தினேன்" என்ற பாஞ்சாலையின் குரல் உடைந்தது. எலனம்மாவை நிமிர்ந்து பார்க்கவே கூசியது.

எலனம்மா சிரித்தாள். தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "முதல் வாய், எல்லாருக்கும் தெரிஞ்சது. பாஞ்சாலி முகம் ரொம்ப சந்தோஷம். அதான் யாரும் சொல்லலை."

பாஞ்சாலை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்த வேகத்தில் ஓனர் பக்கம் திரும்பினாள்.

"அவங்க குடிச்சுப் பழகினவங்க சார். ஒரே வாயில தெரிஞ்சிட்டுது. உங்களுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?"

கோதண்டராமன் கிளாசைக் கீழே வைத்தார்.

லலிதாம்பாள்தான் நிதானமாகக் கேட்டாள்:

"ஏங்க, மாசா மாசம் பாண்டிச்சேரியில எந்தக் கடையிலங்க பல்லு காட்டறீங்க?"