பெரிய கை

அலமாரிக்கு அந்தப் பக்கம் டெசாங்கா மறுபடியும் டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

மிலிவோய் பல்லைக் கடித்துக்கொண்டான். அவளுக்குத் தெரிந்த வால்யூம் அது ஒன்றுதான்.

விவாகரத்தாகி வருஷங்கள் ஆகிவிட்டன. வீடு மட்டும் பிரியவில்லை. ஆளுக்குப் பாதி, அடுத்தவர் பாதியை விலைக்கு வாங்க இருவர் கையிலும் காசில்லை. பெல்கிரேடில் இது அதிசயமா என்ன? கூடத்தின் குறுக்கே துணி அலமாரியை இழுத்துப் போட்டுக்கொண்டு குடித்தனம் நடத்துகிறார்கள்.

அவன் குளிக்கப் போனால் அவள் வெந்நீரை நிறுத்துவாள். அவள் குடமிளகாய் சுட்டால் அவன் படிக்கட்டுவரை கேட்கும்படி இருமுவான். மேல்வீட்டுக்காரர்களுக்கு டிவியே தேவைப்படவில்லை.

அவளை வெளியேற்றிவிட வேண்டும், அதுவும் இந்தக் குளிர்காலத்துக்குள். மிலிவோய் பங்குச்சந்தைக்குள் தலையை விட்டதே அதற்குத்தான்.

விலையைப் பார்ப்பவன் ஏமாளி, வால்யூமைப் பார்ப்பவனே பிழைப்பான் என்று மீன் கடைக்காரியிடம்கூட உபதேசம் செய்வான். ஒரு நாளில் எத்தனை பங்கு கைமாறுகிறது என்பதில்தான் சூட்சுமமாம். விலை அசையாமல் வால்யூம் மட்டும் ஏறினால், ஏதோ பெரிய கை சத்தமில்லாமல் அள்ளுகிறது என்று அர்த்தம். அள்ளி முடித்ததும் விலை பறக்குமாம்.

ஒரு பழைய பிஸ்கட் கம்பெனிப் பங்கில் அதுதான் நடந்தது.

யாரும் சீண்டாமல் கிடந்த பங்கு. திடீரென்று திரையில் வால்யூம் தூண்கள் முளைத்தன. விலை அப்படியே இருந்தது.

அவன் கொஞ்சம் வாங்கினான். மறுநாள் தூண் உயர்ந்தது.

காரை விற்று வாங்கினான். இன்னும் உயர்ந்தது.

பெரிய கைக்கு அவசரம் போலிருக்கிறது என்று, தன் பாதி வீட்டை அடகு வைத்து, வட்டிக்குப் பணம் எடுத்து வாங்கினான். அதில் மிச்சமிருந்த பணத்தைத்தான் இன்று போடப் போகிறான்.

பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் வாய் சும்மா இருக்கவில்லை. அலமாரியைத் தட்டினான்.

"டெசா, பெட்டியக் கட்ட ஆரம்பிடி. அடுத்த மாசம் உங்க அக்கா வீட்டு அடுப்படிலதான் உனக்குப் படுக்கை."

அந்தப் பக்கம் டிவி அணைந்தது.

அவன் அமுக்கினான்.

அதே நொடியில் அலமாரிக்கு அப்பால் அவள் கைபேசி 'டிங்' என்றது.

கொஞ்ச நேரத்தில் அவள் தன் அக்காவுடன் ஃபோனில் பேசுவது கேட்டது. அவனுக்குக் கேட்கட்டும் என்றே நிறுத்தி, நிதானமாகப் பேசினாள்.

"மிச்சமும் போயிடுச்சுக்கா. அத்தை எழுதி வச்ச பிஸ்கட் பங்கு மொத்தத்தையும் தள்ளியாச்சு. நான் விக்க விக்க எவனோ ஒரு கூமுட்டை வாங்கிக்கிட்டே இருந்தான், யாரு பெத்த புள்ளையோ. வக்கீல்கிட்ட சொல்லிடு, இவன் பாதிய வாங்கப் பணம் சேர்ந்துடுச்சு."

மிலிவோய் திரையைப் பார்த்தான். இன்றைய தூண் என்றுமில்லாத உயரத்தில் நின்றது.

அவசரமாக, எல்லாவற்றையும் விற்றுவிடலாமென்று, வாங்குவோர் பட்டியலைத் திறந்தான்.

காலியாக இருந்தது. அவன் வாங்கத் தொடங்கிய நாளிலிருந்து அதில் இருந்தது அவன் ஒருவன்தான்.