கோடுகள் சந்திக்கும் இடம்

அக்டோபர் வெளிச்சம் பிற்பகலிலேயே சோர்ந்துபோய், ஆர்மாஸின் துப்பாக்கிக் கடை ஜன்னலில் சாம்பலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மேசைமேல் மணல் பை. அதன்மேல் துப்பாக்கியில் பொருத்திக் குறிபார்க்கும் மூன்றாவது ஸ்கோப். கடையிலேயே உசத்தியானது. "அந்தி மங்கல்லகூட மூஸ் மானோட கண்ணிமை தெரியும்டா. போன வேட்டையில நீ தவறவிட்டதுக்கு உன் பழைய ஸ்கோப்தான் காரணம்," என்று என்ஸியோவிடம் சொல்கிறார் ஆர்மாஸ். "பயலுக உனக்குச் சூப்புக் கரண்டி எடுத்து வெச்சிருக்கானுகளாமே?" குறி போனவர் துப்பாக்கியை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட வேண்டும் என்பது அவர்கள் வேட்டைக் குழுவின் வழக்கம். "அந்தக் கரண்டியாலயே அவனுக மண்டையில போடறேன்," என்று சொல்லிக்கொண்டே என்ஸியோ ஸ்கோப்பில் வலக்கண்ணைப் பொருத்துகிறார். ஏரிக்கு அக்கரையில் தேவாலயக் கோபுரம் எழுந்து வருகிறது. கூரைப் பலகையின் ஈரம்கூட மினுங்குகிறது. நான்கு பக்கமிருந்தும் குறிபார்க்கும் மெல்லிய கருங்கோடுகள் நடுவை நோக்கி வருகின்றன. சந்திக்க வேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் கறைக்குள் கரைந்துபோகின்றன. முதல் இரண்டு ஸ்கோப்புகளிலும் இதே கறைதான். தெளிவைக் கூட்டும் வளையத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகுகிறார். கறை அசையவில்லை.

"கண்ணாடியில அழுக்குடா. துடை."

ஆர்மாஸ் மெல்லிய துணியால் துடைத்துக் கொடுக்கிறார். என்ஸியோ மறுபடி பார்த்துவிட்டு விலகுகிறார். "நீயே பாரு. கோபுரத்துக் கடிகாரத்துல முள் தெரியுதா?" ஆர்மாஸ் குனிந்து பார்க்கிறார். கடிகாரத்தின் பெரிய முள் ஒரு கோடு நகரும்வரை பார்க்கிறார். ஜன்னலில் மழை தட்டுகிறது.

"மங்கலாத்தான்டா இருக்கு. எனக்கும் தெரியல."

தன் கடைச் சரக்கை ஒருநாளும் குறை சொல்லாத ஆர்மாஸ், ஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுக்காமல் அப்படியே குனிந்திருக்கிறார்.