செல்லத்துக்கு வந்த நோய்

“இனிமே இதை மத்ததுங்களோட ஒண்ணா வைக்காதீங்க. ஒண்ணுல இருந்து ஒண்ணுக்கு ஒட்டிக்கும்” என்றார் டாக்டர், கையைத் துடைத்துக்கொண்டே.

மருந்துக்கடைக்காரர் மேசைமேல் குனிந்தார். “பிழைக்க வைக்க வழியே இல்லையா டாக்டர்? கண்ணுல வச்சு வளர்த்தது...”

“முத்திப் போச்சு சார். முன்னாடியே கொண்டு வந்திருக்கணும்.”

யாரும் பதற வேண்டாம். மேசைமேல் கிடந்தது குழந்தையல்ல, கேமரா லென்ஸ். டாக்டர் என்பது கேமரா பழுது பார்ப்பவருக்கு லென்ஸ் பைத்தியங்கள் வைத்த பட்டம். உள்ளே சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்து கண்ணாடியையே அரித்துவிட்டது. ஊராரின் படை, தேமலுக்கெல்லாம் களிம்பு எடுத்துக் கொடுக்கிற மனிதருக்கு, சொந்தச் செல்லத்துக்குத் தடவ ஒரு களிம்பு இல்லை.

சும்மாச் செல்லமா அது? அவரிடம் அலமாரி நிறைய லென்ஸ் உண்டு. ஆனால் வீடு தீப்பற்றினால் முதலில் எதைத் தூக்குவீர்கள் என்று கேட்டால், ஆள் முகம் எடுக்கிற இந்த ஒன்றைத்தான் சொல்வார். பெண்டாட்டியைத் தூக்குவது அதற்கப்புறம்தான். அவளும் அதைச் ‘சக்களத்தி’ என்றுதான் கூப்பிடுவாள்.

டாக்டர் கடைவாசலில் இன்னொரு எரிச்சல். இவர் உள்ளே நுழைந்த நேரத்தில்தான் மாடி வீட்டு வாத்தியார் ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே போனார். அவரும் லென்ஸ் சேர்ப்பவர். ‘என்ன சார், இன்னும் அந்தப் பழைய டப்பாவையேவா கொஞ்சறீங்க?’ என்று குத்தாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அன்றைக்கு என்னவோ தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திமிர் கூடிப்போச்சு என்று இவர் முடிவு கட்டினார்.

வீட்டுக்கு வந்து லென்ஸைப் பால்கனியில் பழைய செருப்புப் பெட்டிக்குள் ஒளித்தார். மனைவியிடம் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் சக்களத்தி அன்றைக்கே குப்பைக்குப் போய்விடுவாள். தன் கையில் பூஞ்சை ஒட்டியிருக்குமோ என்ற பயத்தில் அலமாரிப் பக்கமே போகவில்லை.

“என்னங்க, அலமாரியைத் திறக்கவே காணோம்? விரதமா?” என்றாள் மனைவி.

“வேலையிருந்தாப் போய்ப் பாரேன்.”

ஒரு வாரமாக ராத்திரித் தூக்கம் போனது. கடையில் இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்றுவலி மாத்திரை போனது. லென்ஸைத் தூக்கி எறியத் தெருக்கோடிக் குப்பைத்தொட்டி வரை போவார், குழந்தையை விட்டுவிட்டு வந்த பாவி போல ஓடிப்போய்த் திரும்ப எடுத்துக்கொண்டு வருவார். வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சாகும், எறிந்தால் இவரே செத்துவிடுவார்.

அப்போதுதான் மாடி ஞாபகம் வந்தது. அங்கே இருந்தால் நினைத்தபோது போய்ப் பார்க்கலாம். வாத்தியாரின் அலமாரியிலும் கொஞ்சம் படர்ந்தால்தான் என்ன? இது பிறகு தோன்றிய யோசனை என்றுதான் அவர் சாதிப்பார். முதலில் தோன்றியதே இதுதான் என்பது அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

“சார், இது உங்ககிட்டயே இருக்கட்டும்.”

வாத்தியார் வாங்கிப் பார்த்து வெளிறிப்போனார். “இதுவா? உங்க உசிராச்சே சார்! எனக்கு எதுக்கு?”

“ரசிக்கத் தெரிஞ்சவங்க கையில இருந்தாத்தானே அதுக்கு மரியாதை?”

சொல்லிவிட்டாரே தவிர, அவர் கண் வாத்தியார் கையை விட்டு நகரவில்லை. லென்ஸ்காரன் கையில் லென்ஸ் கிடைத்தால், முதல் வேலையாக அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி உள்ளே பார்ப்பான். பார்த்தால் தொலைந்தது!

வாத்தியார் பார்க்கவில்லை. அவர் கண் நிறைந்துவிட்டது. அலமாரியைத் திறந்து, தன் லென்ஸ்களை ஒதுக்கி இடம்பண்ணி, நடுநாயகமாக வைத்தார்.

“நீங்க இவ்வளவு நல்ல மனுஷன்னு தெரியாமப் போச்சே சார். முன்னாடியே தெரிஞ்சிருந்தா...” என்றவர், முடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மருந்துக்கடைக்காரருக்கு நெஞ்சில் முள் தைத்தது. படியில் நின்றார். திரும்பிப் போய் உள்ளதைச் சொல்லிவிடலாமா? ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். கடைசியில், போனது ஒன்று போகட்டும், மற்றதெல்லாம் பிழைத்ததே என்று மனச்சாட்சியைத் தட்டித் தூங்க வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, ஆசையோடு அலமாரிக் கதவில் கை வைத்தார்.

“அப்பாடா, ஒருவழியா விரதம் முடிஞ்சுதா!” என்று மனைவி சிரித்துக்கொண்டே வந்தாள். “என்னால ரகசியத்தை அடக்க முடியலைங்க. மாடி வாத்தியார் அவரோட உசிர் லென்ஸை உங்களுக்குன்னு கொடுத்துட்டுப் போயிருக்காரு. பாவம், கொடுத்துட்டு ரெண்டு மூணு தடவை படியில ஏறி ஏறி இறங்கினாரு. நீங்களாப் பார்க்கிற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்கிட்டாரு.”

கைப்பிடியில் இருந்த கை அப்படியே நின்றது. டாக்டர் கடைவாசலில் பார்த்த துணிப்பை கண்முன் வந்தது.

“எப்போ?” கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது குரல்.

“ஒரு வாரம் இருக்கும்.”

“எங்க... எங்கடி வச்சே?”

“வேற எங்க, உங்க செல்லங்களுக்கு நடுவுலதான்!”