அருவியில் குளிக்கத் தடை

"ஐயையோ, சைரன் அடிக்குலே! தண்ணி வந்துட்டு போலுக்கு!"

கடைசி வரிசையிலிருந்து யாரோ கத்தியதும் மொத்த ஹாலும் எழுந்து ஜன்னல் பக்கம் ஓடியது. மெயின் அருவிப் பக்கமிருந்து சைரன் விடாமல் ஊளையிட்டது.

மேடையில் மைக்கோடு நின்ற கிருபாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வெள்ளம் வந்தால் அருவியில் நிற்பவர்கள்தானே ஓட வேண்டும்? ஓட்டல் மாடியில், 'கற்பித்தலை மேம்படுத்துவது எப்படி' என்ற பயிலரங்குக்கு வந்து உட்கார்ந்திருக்கும் பொறியியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு என்ன வந்தது?

"எல்லாரும் உக்காருங்க ப்ளீஸ். சாயந்தரம் குளிக்கலாம்னு நெனச்சிருந்தீங்களா? இன்னைக்குத் தடை போட்டா நாளைக்கு எடுத்துருவாங்க."

"நாங்க குளிக்காட்டிப் பரவால்ல மேடம்..." என்று ஆரம்பித்தார் மெக்கானிக்கல் துறை சுபாஷ்.

பக்கத்திலிருந்த ஹுஸ்னா அவர் காலை நறுக்கென்று மிதித்தார்.

காலையிலிருந்தே இப்படித்தான். கிருபா உள்ளே நுழைந்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்று, "குட்மார்னிங் மேடம்" என்று ராகம் போட்டார்கள். பயிற்சிக்கு வருகிற ஆசிரியர்கள் எங்காவது எழுந்து நிற்பார்களா? கழுத்தில் அடையாள அட்டை எல்லோருக்கும் முதுகைக் காட்டியே தொங்கியது. எல்லோருமே சின்ன வயசு. அதுகூடப் பரவாயில்லை, தனியார் கல்லூரிகளில் இப்போதெல்லாம் படித்து முடித்த கையோடு வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால், "எத்தனை வருஷ சர்வீஸ்?" என்று கேட்டதற்கு, "இது மூணாவது வருஷம் மேடம்" என்று சுபாஷ் சொன்னதும் ஹால் முழுக்க ஏன் குபீரென்று சிரித்தது?

கேலி செய்கிறார்களோ?

போன மாதம் வேறொரு ஊரில் நடத்திய பயிலரங்கில், "நீ பொறக்கும்போதே நான் சாக்பீஸ் பிடிச்சவன்மா" என்றார் ஒருவர். மற்றவர்கள் செல்போனிலிருந்து தலையையே தூக்கவில்லை. அவள் பாதியில் மேடையை விட்டு இறங்கிவிட்டாள். பயிற்சி நிறுவனத்தை நடத்தும் சேக் தாவூது நேற்று கறாராகச் சொல்லிவிட்டார். "இந்தத் தடவையாவது அவங்களை வாய் திறந்து பேச வச்சிரும்மா. இல்லேன்னா மேடையெல்லாம் உனக்கு வேண்டாம், ஆபீஸ்லயே இருந்துக்கோ."

கிருபா மைக்கை அணைத்துக் கீழே வைத்தாள். மேடையை விட்டு இறங்கி அவர்கள் நடுவில் வந்து நின்றாள்.

"ஒரே ஒரு கேள்வி. நம்ம கிளாஸ்ல பசங்க ஏன் தூங்கறாங்க?"

சுபாஷின் செல்போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவர் முகம் வெளிறி அதை அணைத்தார்.

கட்டிப் பழக்கமில்லாதவர்போல் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு ஹுஸ்னாதான் எழுந்தார்.

"உள்ளதைச் சொன்னா பிரச்சினை ஏதும் வருமா மேடம்?"

"வராது. இங்க யாரும் யாருக்கும் மார்க் போடப் போறதில்லை."

"அப்பச் சொல்லுதேன். நோட்டைப் பார்த்து வாசிச்சிக்கிட்டே இருந்தா தூங்காம என்ன செய்வாவ? தாளெல்லாம் மஞ்சளாயிட்டு. அதுல உள்ள தப்புகூட அப்படியே போர்டுக்கு வருது. சந்தேகம் கேட்டா, 'போன வாரம் எங்கன மேயப் போயிருந்தே'ன்னு கேக்காவ..." சட்டென்று நாக்கைக் கடித்தார். "அதாவது, கேக்கோம்."

அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள்.

"லேப்ல மெஷினைத் தொட விடுதது இல்ல மேடம். ரிப்பேர் ஆயிருமாம்! துடைச்சி வச்சிப் பொட்டு வைக்கத்தான் வாங்கினது."

"ஏலே, ஆயுத பூசைக்கு மட்டும் அது ஓடுமே!"

சிரிப்பு அடங்கியதும், ஜன்னலோரம் இருந்த வேல்விழி மெதுவாகப் பேசினார். "தமிழ் மீடியத்துலருந்து வந்த புள்ள ஒண்ணு இங்கிலீஷ்ல திக்கிச்சி. போர்டு பக்கத்துல நிக்க வச்சிச் சிரிச்சாச்சு. அதுக்கப்புறம் அது கிளாஸ்ல வாயே திறக்கல மேடம்."

சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது.

கிருபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தங்கள் தவற்றைத் தாங்களே இப்படிப் போட்டு உடைக்கும் ஆசிரியர்களை அவள் எங்குமே பார்த்ததில்லை. இவர்கள் கேலி செய்வதாக நினைத்தோமே என்று கூச்சமாக இருந்தது. ஓரமாகப் போய்ப் போன் போட்டாள்.

"சார், பேசிட்டாங்க சார்! நிறுத்தவே முடியலை. மாணவர்கள் மனசைக் கரைச்சுக் குடிச்சிருக்காங்க சார் இந்த ஊர் வாத்தியாருங்க!"

"நெசமாவா? அப்ப தென்காசி ஜில்லா பூராவும் இனிமே நீதாம்மா!" என்றார் சேக் தாவூது.

போனை வைக்கவும் கதவு படாரென்று திறக்கவும் சரியாக இருந்தது.

நடுத்தர வயசில் இருபது முப்பது ஆண்கள். இடுப்பில் கைலி, தோளில் துண்டு. தலையிலிருந்து முழங்கால் வரை எண்ணெய் வழிந்தது. மசாஜ் முடிந்து, கழுவத் தண்ணீர் கிடைக்காத கோலம். அவர்களைக் கண்டதும் ஹாலே விறைப்பாக எழுந்து நின்றது. வேல்விழி தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார்.

கிருபா திருதிருவென்று விழித்தாள். "சார், யாரு நீங்க? இங்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்குது."

முன்னால் நின்றவர் புருவத்தில் இறங்கிய எண்ணெயை வழித்து விட்டுக்கொண்டே அவளைத் தாண்டிப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏலே சுபாஷ், போனை எதுக்குலே அணைச்சே? சாயந்தரம் வரைக்கும் எங்களுக்குப் பதிலா உக்காந்தா அட்டெண்டன்ஸ் தாரேன்னேன், இப்ப அருவிய மூடிட்டான்; மூணாம் வருஷம் பூராப் பேரும் காலேஜ் பஸ்ல ஏறுங்க, இனி நாங்களே உக்காந்துக்கிடுதோம்!"